ஓடாவியார் போட்ட நிலம்

எங்கள் வேலியில் இருந்த ஓட்டையை ஓடாவியார் அடைத்த அன்று, மான் உள்ளே நின்றது.

திருகோணமலை நகரத்து மான்களை வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் படம் எடுப்பார்கள். நாங்கள் அவற்றை ஆடு மாடு என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறோம். சில வேளை அதற்கும் கீழே. மாட்டுக்கென்றால் ஓர் உரிமையாளர் இருப்பார், போய்ச் சண்டை பிடிக்கலாம். என் மனைவி சுகந்தி நட்ட செவ்வரத்தையை ஒரு பெண்மான் தவறாமல் வந்து மொட்டோடு தின்றுகொண்டிருந்தது. வேறேதோ அலுவலாக வந்த ஓடாவியார் வேலியைக் கண்டார். யாரையும் கேட்கவில்லை. பின்வளவில் கிடந்த பலகைத் துண்டுகளை எடுத்து, பூனைகூட யோசித்துத்தான் நுழைய வேண்டும் என்கிற அளவுக்கு இறுக்கி அடித்துவிட்டுப் போய்விட்டார். காலையில் பார்த்தால் செவ்வரத்தை மட்டுமல்ல, கறிவேப்பிலைக் கன்று, கொடியில் காயப்போட்ட என் சாரத்தின் ஓரம் எல்லாம் போயிருந்தன. மான் கிணற்றடியில் படுத்து அசைபோட்டபடி, நீ யார் வீட்டுக்கு வந்தாய் என்பதுபோல என்னைப் பார்த்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. தன் அடைப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களே தம்பி, வெளிய போக ஏலாமக் கிடக்குது. அவ்வளவு இறுக்கம்."

ஓடாவியார் என்பது பெயரல்ல. வள்ளம் கட்டுகிற, பழுது பார்க்கிற தச்சரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பது. பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். பிழையான வேலை ஒன்றுக்குப் பக்கத்தில் தன் பெயர் அச்சில் கிடப்பதை அவர் பொறுக்கமாட்டார். போன மாரிக்கு முந்திய மாரியில், மூதூரில் மகளின் வீட்டில் காலமாகிவிட்டார். இனி அவர் வந்து என்னைத் திருத்தப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

உட்துறைமுகக் கரையில், வள்ளங்களை ஏற்றி வைக்கிற இடத்துக்குப் பின்னால், தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பு. கைகள் மட்டும் வேறு யாருடையவோ. ஒரு பெரிய ஆளிடமிருந்து இரவல் வாங்கிப் பூட்டியது போல இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருக்க முன்னம் கதவு நிலை, யன்னல் சட்டம், அலுமாரிக் கதவு எல்லாவற்றிலும் பெருவிரலை ஓட்டிப் பார்ப்பார். எங்காவது நீக்கல் தட்டுப்பட்டால் நின்று, தலையை ஆட்டி, ஒரே ஒரு வசனம் சொல்லுவார்.

"இதால தண்ணி வரும்."

கதவுக்கும் அதுதான். என் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தபோதும் அதுதான். பால்பல் விழுந்த பிள்ளை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்தபோது, குனிந்து வாய்க்குள் பார்த்து, மிகுந்த கவலையோடு, "இதால தண்ணி வரும்" என்றார். அந்தப் பிள்ளை பல் முளைக்கும்வரை குளிக்கப் பயந்ததாகத் தாய் முறைப்பாடு சொன்னாள்.

பேச்சிலும் அப்படித்தான். நாலு பேர் கூடின இடத்தில் கதை ஒரு நிமிடம் ஓய்ந்தால் அவருக்குத் தாங்காது. செத்த வீட்டில் எல்லோரும் மௌனமாகத் தலை குனிந்திருக்கும்போது, "இண்டைக்கு அறக்குளா மீன் என்ன விலை போகுதாம்?" என்று கேட்டு அந்த ஓட்டையை அடைப்பார். எங்கள் ஒழுங்கையில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர், மதில் எல்லையால் கோபித்துக்கொண்டு வருடக்கணக்காகக் கதைப்பதில்லை. தேத்தண்ணிக் கடையில் உட்காருகிற நீள வாங்கில் ஒருவர் இந்த அந்தத்திலும் மற்றவர் அந்த அந்தத்திலும் இருப்பார்கள். ஒருநாள் ஓடாவியார் வந்து ஒரு கரையில் இருந்துகொண்டு, "தள்ளுங்கோ" என்றார். தள்ளினார்கள். "இன்னும் கொஞ்சம்." தள்ளினார்கள். கடைசியில் அண்ணனும் தம்பியும் தொடையோடு தொடை ஒட்டிப் போனார்கள். வாங்கில் மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அண்ணன் வாயைத் திறந்தார். திறந்து தம்பியைத் தூஷணத்தில் ஏசினார். தம்பி திருப்பி ஏசினார். கடையே எழும்பி நின்றது. ஓடாவியார் பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கதைச்சிட்டினம் தானே?"

இப்படிப்பட்ட ஒருவரிடம் வீட்டுத் தரைக்குப் பலகை நிலம் போடக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது. ஆணியைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதத்தான் தெரியும். என்னைப் போன்றவர்கள் கையில் சுத்தியல் வைத்திருப்பவரைக் கண்டால் உடனே மரியாதையில் மடங்கிவிடுவார்கள்.

பலகை நிலம் ஆசைக்காகப் போட்டதல்ல. சுகந்தி பரதநாட்டிய ஆசிரியை. எங்கள் முன்மண்டபம்தான் வகுப்பு. கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்தச் சீமெந்து நிலத்தில் மிதித்து மிதித்து அவளுடைய முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் சீமெந்தில் ஆடினால் இருந்த இடத்தில் இருந்தபடிதான் படிப்பிக்க வேண்டிவரும் என்றார்.

"இருந்துகொண்டு ஆட்டம் படிப்பிக்கிறதோ? போனில சோறு காச்சிற மாதிரி" என்றாள் சுகந்தி. வீட்டுக்கு வந்ததும் சலங்கையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பலகை நிலம் மிதிக்கும்போது கொஞ்சம் கொடுக்கும், காலைக் காப்பாற்றும் என்று அவளுடைய குருவின் இடத்தில் கண்டிருக்கிறாள். துறைமுகப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தை உடைத்தபோது நல்ல முதிரைப் பலகை வந்தது. மரத்தில் கைதேர்ந்தவர் என்று எங்களுக்குத் தெரிந்தவர் ஓடாவியார் ஒருவர்தான். அவர் கட்டிய வள்ளத்துக்குள் தண்ணீர் வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு நிலம் போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"நிலம் எண்டா என்ன தம்பி? கவிழாத வள்ளம்."

நான் ஒன்றுமே செய்யாமல் இருக்கவில்லை. படித்தவன் செய்வதைச் செய்தேன்: போனில் ஒரு காணொளி பார்த்தேன். குளிர்தேசத்து மனிதர் ஒருவர் பலகை நிலம் போடுகிறார். சுவரோரம் சுற்றிவரச் சின்னச் சின்ன மரக்கட்டைகளை வைத்து இடைவெளி விடுகிறார். அதை ஓடாவியாருக்குக் காட்டினேன். மிகக் கவனமாகப் பார்த்தார்.

"ஆர் இவர்?"

"கனடாப் பக்கம் எண்டு நினைக்கிறன்."

"மாரி கண்டிருக்கிறாரோ?"

"பனி காணுறவர்."

"அதான். அங்க என்னத்தையும் விடலாம். இஞ்ச விட்டா கறையான் வரும், பூரான் வரும். பேந்து, இதால தண்ணி வரும்."

"வீட்டுக்குள்ள எங்கால ஓடாவியார் தண்ணி?"

"வரேக்க உங்களிட்டக் கேட்டுக்கொண்டே வரும்?"

விவாதம் அத்துடன் முடிந்தது. நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

கச்சான் காற்று வீசுகிற காலம். அந்தக் காற்றில் மரம், மனிதன், மான் எல்லாம் சுக்காகக் காய்ந்து கிடக்கும். குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, மேலே பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுவரிலிருந்து சுவருக்கு அடைத்தார். கடைசிப் பலகைக்கு இடமில்லை. ஆப்பு வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து அதையும் உள்ளே தள்ளினார். மண்டபமே ஒருமுறை வயிற்றை எக்கிக்கொண்டது போல இருந்தது.

பிறகு ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார். வள்ளத்தைக் கடலில் இறக்குமுன் உள்ளே தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர்களுடைய வழக்கம். எங்கள் புத்தம் புதிய பலகை நிலத்தின்மேல் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் நின்றது. ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. ஓடாவியார் இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்தார். நானும் சுகந்தியும் கைதட்டினோம். தங்கள் வீட்டுக்குள் கட்டிய குளத்தைத் தாங்களே பாராட்டிய தம்பதி இந்த மாவட்டத்தில் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சில மாதங்கள் அது சொர்க்கமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் காய்ந்து, எண்ணெய் பூசி, முதல் வகுப்பு நடந்த அன்று, பிள்ளைகளின் கால்கள் பலகையில் விழுந்த ஓசையைக் கேட்டு ஒழுங்கையால் போனவர்கள் நின்று போனார்கள். சுகந்தி தானே இறங்கி ஆடினாள். ஆடி முடித்து, முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "நோகேல்லை" என்றாள். வாசலில் நின்ற ஓடாவியாரைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்தல்ல.

அன்றிலிருந்து அவர் பின்னேரங்களில் வரத் தொடங்கினார். வாசல் படியில் இருப்பார். தேத்தண்ணி வரும். சொற்கட்டுகள் அவருக்கும் பாடமாகிவிட்டன. சுகந்தி அடுத்த அடவை யோசித்துச் சற்று நிறுத்தினால், "ம், பேந்து ரீச்சர்?" என்று அவர் எடுத்துக் கொடுப்பார். பிள்ளைகள் அவரை ஓடாவியப்பு என்றார்கள். யாருடைய கால் எந்தப் பலகையில் விழுகிறது என்று அவருக்குக் கேட்டே தெரியும். "அந்தக் கரையில நிக்கிற பிள்ளை சோம்பல். பலகை நித்திரை கொள்ளுது" என்பார். அது சரியாகத்தான் இருக்கும். தன் சீவுளியையும் உளியையும் எங்கள் குசினி மூலையில் கொண்டுவந்து வைத்தார். மகளைத் தவிர அவருக்கு வேறு ஆட்கள் இல்லை. மகளும் குடாவுக்கு அந்தப் பக்கம். அவருடைய வெறும் பின்னேரங்களை எங்கள் மண்டபம் அடைத்தது. எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. எங்களுடையதை அவர் அடைத்தார். இதை அப்போது நான் இப்படி யோசிக்கவில்லை. அப்போது தேத்தண்ணிச் சீனி கெதியாக முடிகிறது என்றுதான் யோசித்தேன்.

மாரி வந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருந்தபோது, மண்டபத்தில் வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இருவரும் கட்டிலுக்குக் கீழே முகத்துக்கு முகம் சந்தித்தோம். வெடித்தது வேறொன்றுமில்லை, நிலம். கச்சானில் காய்ந்த பலகைகள் ஈரத்தைக் குடித்து ஊதி, போக இடமில்லாமல், நடுவில் எழும்பிவிட்டன. கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் முதுகு போல ஒரு மேடு. அதன் உச்சியில் ஒரு தேசிக்காயை வைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

ஓடாவியார் வந்து நீண்ட நேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார்.

"எழும்பியிருக்கே ஓடாவியார்."

"எழும்பினா என்ன? விலகேல்லைத் தானே? ஒரு பொருத்து விட்டிருக்கோ, காட்டுங்கோ பாப்பம்."

உண்மைதான். ஒரு பொருத்தும் விடவில்லை. குனிந்து பெருவிரலை ஓட்டி, எல்லாம் பார்த்து, நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்: "வேலையில பிழையில்லை. சுவர் கிட்ட நிக்குது."

பிறகு சீவுளியை எடுத்து அந்த மேட்டைச் சீவத் தொடங்கினார். நாள்கணக்காகச் சீவி மட்டமாக்கிவிட்டார். கச்சான் திரும்பி வந்தபோது பலகைகள் சுருங்கின. சீவிய இடம் பள்ளமாகியது. பொருத்துகள் வாயைத் திறந்தன. ஓடாவியாருக்கு அது அவமானம். பஞ்சைத் திரியாக முறுக்கி நீக்கல்களுக்குள் உளியால் இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி மேலே பூசினார். கலப்பத்து என்று சொல்லுவார்கள், வள்ளத்துக்குச் செய்வது. பிள்ளைகளின் உள்ளங்கால்கள் கருத்தன. வீடு முழுக்கத் துறைமுகம் மணத்தது. அடுத்த மாரிக்கு, சுருங்கித் திறந்த நீக்கல்களும் அடைபட்டுப் போனதால், நிலம் முன்னையதைவிட உயரமாக எழும்பியது.

எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குள் மலை உள்ளவன் என்று நான் வேலை செய்த கச்சேரி அலுவலகத்தில் என்னைப் பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்து பண்ணினேன். கவிசா என்ற பிள்ளை அந்த மேட்டில் தட்டுப்பட்டு விழுந்து கணுக்கால் வீங்கினபோது சிரிப்பு நின்றது. அவளுடைய தாய் வந்து மண்டபத்தைப் பார்த்தாள்.

"ரீச்சர், நீங்கள் நல்லாப் படிப்பிக்கிறீங்கள். ஆனா என்ர பிள்ளை இதில ஆடுறதோ, ஏறுறதோ?"

சுகந்தி வகுப்பை விறாந்தைச் சீமெந்துக்கு மாற்றினாள். இரண்டு கிழமைக்குள் முழங்கால் திரும்பவும் வீங்கிவிட்டது. பின்னேரங்களில் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தபடி, வாசல் படியில் இருந்த ஓடாவியாருக்குத் தெரியாமல் காலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள்.

உப்புவெளியில் விடுதிகளுக்குப் பலகைத் தட்டு அடிக்கிற ஒருவரைச் சொன்னார்கள். ஓடாவியார் கரையில் வேலையாக இருக்கிற காலை நேரம் பார்த்து, ஏதோ களவு செய்கிறவன் போல அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு விசிலடித்தார்.

"இது ஆர் அண்ணை, வள்ளக்காரரோ செய்தது?"

"எப்பிடித் தெரியும்?"

"தண்ணிக்கு இறக்கினா மிதக்கும்." சுவரோரம் காட்டினார். "சுத்திவர ஒரு விரல் அகலம் வெட்டி விட்டாக் காணும். பலகை ஊதினா ஒதுங்க இடம் வேணுமெல்லே. தானா இறங்கும். நான் வெட்டட்டோ? பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவன்."

"வேண்டாம்" என்றாள் சுகந்தி.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "ஏன் வேண்டாம்? உம்மட கால் என்னாகிறது?"

"அவர் பின்னேரம் வந்து பாப்பார். வேற ஆளின்ர வாள் பட்ட இடம் அவருக்குத் தெரியாதே? பேந்து இந்தப் படியில வந்து இருப்பாரே?"

"அப்ப நிலம் எழும்பியே நிக்கட்டோ?"

"வெட்டுறதெண்டா அவர்தான் வெட்டோணும். அவருக்கா விளங்கி வெட்டோணும். நான் சொல்லுறன்."

"எப்பிடிச் சொல்லுவீர்?"

"தெரியாது."

நிலம் இறங்க வேண்டும், மனிதர் இறங்கக்கூடாது. எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் இரண்டு மூன்று விதமாகப் பேச்சுத் தயாரித்துக் கொடுத்தேன். ஒன்றில் பழந்தமிழ் நாவாய்களைப் பற்றிக்கூட வந்தது. சுகந்தி கேட்டுவிட்டு, "நீங்கள் கதைக்காமல் இருந்தாலே பெரிய உதவி" என்றாள்.

அவள் செய்தது என் பேச்சுகளையெல்லாம்விட நல்ல யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு. ஓடாவியார் வழக்கம்போலப் படியில்.

"ஓடாவியார், இண்டைக்கு ஒரு விளையாட்டு. உள்ளுக்கு வந்திருந்து பாருங்கோ."

மேட்டுக்கு இந்தப் பக்கம், மட்டமான இடத்தில், பிள்ளைகளைச் சுவரிலிருந்து சுவருக்குத் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக நிறுத்தினாள். ஓடாவியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழும்பிப் போய்த் தானே வரிசையை நெருக்கினார்.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ரீச்சர், இன்னும் ஒராள் கொள்ளும்." கணுக்கால் ஆறி வந்து தனியே நின்ற கவிசாவைப் பிடித்து நடுவில் செருகினார். பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

"அரைமண்டி" என்றாள் சுகந்தி.

பிள்ளைகள் முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்துப் பாதி இருந்தார்கள். முழங்கால் முழங்காலைத் தள்ளியது. கரையில் நின்றவர்கள் சுவரில் முட்டினார்கள். சுவர் அசையவில்லை. தள்ளு நடுவுக்குத் திரும்பி வந்தது. கவிசா நெருங்கி, நெளிந்து, மெல்ல மெல்ல மேலே எழும்பி, "ரீச்சர், நான் மேல போறன்!" என்று கத்தினாள். அடுத்த கணம் முழு வரிசையும் குலைந்து, ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஓடாவியாரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அப்போது விழுந்து கிடந்தவர்களில் ஒரு கெட்டிக்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ரீச்சர், எங்கட நிலம் மாதிரியே எழும்பிட்டம்!"

திரும்பவும் சிரிப்பு. இந்த முறை பிள்ளைகள் எல்லோரும் அந்த மேட்டைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். "ஓடாவியப்புவின்ர நிலம்! ஓடாவியப்புவின்ர நிலம்!" குழந்தைகள், அவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சுகந்தி தாளம் போடுகிற தட்டுக்கழியால் கட்டையில் ஓங்கி அடித்தாள். அடங்குவதற்குள் போதுமான நேரம் போய்விட்டது.

ஓடாவியாருடைய வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது. கண் மட்டும் சுவருக்குப் போய், சுவரோரப் பலகைக்குப் போய், மேட்டுக்கு வந்து நின்றது. பிறகு வாயும் மூடிக்கொண்டது.

சுகந்தி திட்டமிட்டதை முடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஓடாவியாரைப் பார்க்காமலே சொன்னாள். "கரையில நிக்கிற ரெண்டு பேர் விலகுங்கோ. மற்ற ஆக்கள் அரைமண்டி." வரிசை அழகாக, மட்டமாக இருந்தது.

"விளங்கிச்சு ரீச்சர்" என்றார் ஓடாவியார். தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

மறுநாள் காலையே வாளும் உளியுமாக வந்தார். சுவரோரம் முழங்காலில் இருந்து, சுற்றிவர ஒரு விரல் அகலம் வெட்டினார். வெட்டிய வாயை மறைக்க மெல்லிய மரப்பட்டி ஒன்றைச் சீவி, அதைச் சுவரில் மட்டும் அறைந்தார். பலகை அடியில் ஓடித் திரியலாம். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக மீன் விலையைப் பற்றிக் கதை எடுத்தேன். "ம்" என்றார். மத்தியானம் சுகந்தி சோறு போட்டாள். "பசியில்லை ரீச்சர்" என்றார்.

பின்னேரம் துடைத்துக் கூட்டிவிட்டு, குசினி மூலையில் இருந்த சீவுளியையும் மற்றச் சாமான்களையும் எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"நாளைக்கு வருவீங்கள் தானே?" என்று சுகந்தி கேட்டாள்.

"வராம?" என்றார்.

வரவில்லை. நிலம் மெல்ல மெல்லத் தானாக இறங்கியது. எஞ்சிய பள்ளத்தை நாங்களே தேய்த்து மட்டமாக்கி, எண்ணெய் பூசி, வகுப்பு திரும்பவும் மண்டபத்துக்கு வந்தது. கவிசாவும் அதில் பயமில்லாமல் ஆடினாள். சுகந்தியின் முழங்கால் ஆறியது. படிதான் வெறுமையாகக் கிடந்தது. பொங்கலுக்குப் புக்கை கொண்டுபோனோம். வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. ஒருநாள் சுகந்தி தனியே கரைக்குப் போனாள். ஏற்றி வைத்த வள்ளமொன்றின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களோடுதான் அவள் கதைத்தாள்.

"பிள்ளையளோட நான் அப்பிடிச் செய்திருக்கக்கூடாது, ஓடாவியார்."

"சீச்சீ. அதெல்லாம் ஒண்டுமில்லை. வேலை கனக்க, ரீச்சர்" என்றது வள்ளத்தின் அடி.

அதற்குப் பிறகு ஒரு மாரியும் வந்து போனது. மாரி கழிந்த ஒரு காலையில் சந்தையில் மீன்பக்கம் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். மகள் மூதூருக்கு வரச் சொல்லி நிற்பதாகச் சொன்னார். பிறகு, மீன் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"நிலம் எப்பிடித் தம்பி?"

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இவருக்கு இதைச் சொல்லத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தோம் என்று நினைத்தேன். "ஒரு குறையுமில்லை ஓடாவியார். மாரி முழுக்க ஒரு மயிரிழை அசையேல்லை."

"சத்தம்?"

"இல்லை."

"மூலையில? அந்த யன்னல் பக்கத்து மூலை?"

"மூலையிலயும் இல்லை. கல்லு மாதிரி."

"ஒரு சின்னக் கிறீச்சுக்கூட?"

"இல்லவே இல்லை. அப்பிடி ஒரு வேலை செய்திருக்கிறீங்கள்."

அவர் தலையாட்டினார். பைக்குள் மீனைச் சரி பார்த்தார். "அப்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, சனத்துக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். சுகந்தி அரிவாள்மணையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள், நிறுத்தினாள்.

"மூலையில எண்டு கேட்டவரோ?"

"ஓம்."

"ரெண்டாந்தரமும் கேட்டவரோ?"

"மூண்டாந்தரமும் கேட்டவர்."

"நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"உண்மையா இல்லைத் தானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு மொழி காணாது. பேருந்து, மின்சாரம், மச்சான்மார், நகரசபை, தேங்காய்ச் சொட்டின் தடிப்பு என்று கண்டதற்கெல்லாம் குறை சொல்லியே பத்திரிகையில் பெயரெடுத்தவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒருவர், ஒரே ஒரு தரம், தயவுசெய்து ஒரு குறை சொல்லு என்று என் முன்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"இப்ப போய்ச் சொல்லட்டோ? மூலையில சத்தம் வருதெண்டு?"

"வந்து மிதிச்சுப் பாப்பாரே. பலகை ஒவ்வொண்டும் அவருக்குத் தெரியும். பொய்யெண்டு கண்டா, இரக்கத்துக்குக் கூப்பிட்டது எண்டு விளங்கிடும்." எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "உண்மையா ஒண்டு இருக்கோணும். வாங்கோ."

மண்டபத்துக்குப் போனோம். அவள் யன்னல் பக்கத்து மூலையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு பலகையாக, குதிக்காலால், முன்காலால், மிதித்து மிதித்து, தலையைச் சரித்துக் கேட்டபடி போனாள். நான் மற்றப் பக்கத்திலிருந்து வந்தேன். எனக்கு அடவு தெரியாது, பாரம் இருக்கிறது. குதித்தேன். சுவரோரம் குதித்தேன், நடுவில் குதித்தேன், முன்பு மேடு இருந்த இடத்தில் இரண்டு காலையும் தூக்கிக் குதித்தேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் அதிர்ந்தன. ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நிலத்திலிருந்து மட்டும் ஒரு முனகல் வரவில்லை.

"இன்னொருக்கா அந்த மூலையில குதியுங்கோ" என்றாள் சுகந்தி.

குதித்தேன். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

அவ்வளவு நல்ல வேலை.